இரட்டைக்கரு முட்டை மேல் போட்ட பழி

என் முன்கையில் முளைத்த கட்டிக்கு இரட்டைக்கரு முட்டைதான் காரணம் என்று முழுமனதாக நம்பினேன். கோழிப்பண்ணை வைத்திருப்பவன் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்கப்பட வேண்டும்.

புதிதாக முட்டையிடத் தொடங்கும் கோழிகள் சில நாள் பெருமுட்டை இடும். உடைத்தால் இரண்டு மஞ்சள் கரு. முட்டை அடுக்கும் அட்டைக் குழியில் அடங்காது, லாரியில் தாங்காது. எங்கள் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் அது நேராக வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடும். நான் தின்றதற்கு அளவில்லை.

கட்டியில் துணுக்கெடுத்துச் சோதித்த சேலத்து டாக்டரம்மா, "செல்லு ரெண்டாப் பிரியறப்ப குரோமோசோம் சரிபாதியாப் போகணும். உங்க கட்டியில ஒரு பக்கம் கூடுதலாவும் ஒரு பக்கம் கம்மியாவும் போயிருக்கு," என்றார். தோல் புற்றுதான், வெட்டியெடுக்க வேண்டும், வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தால் அதோடு முடிந்தது, இல்லாவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும் என்றார். ஒரு பக்கம் கூடுதல். அதை நான் தினமும் தட்டில் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் யாரையும் நம்பவில்லை. மனைவி ஆம்லெட் போடும்போது பக்கத்தில் நின்று முட்டை ஓட்டைப் பொறுக்கி அளவு பார்த்தேன்.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?"

"இதுல எத்தனை கரு?"

"நானுந்தானுங்க திங்கறேன். எனக்கொண்ணும் முளைக்கலையே."

"நீ வெள்ளையத்தான் திம்பே. மஞ்சளை என் தட்டுல தள்ளுவே. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

"கொல்றதுன்னா முட்டைக்கு எதுக்குங்க காத்திருக்கணும்," என்று ஆம்லெட்டைத் திருப்பினாள். அந்தப் பதிலும் எனக்குத் திருப்தி தரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஒரு பெருமுட்டையைத் துண்டில் சுற்றி, சேலம் பஸ் நெரிசலில் உடையாமல் காப்பாற்றி, டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. என் கட்டியில் எடுத்த துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் ஒரு செல். குரோமோசோம் இழைகள் இரண்டு பக்கமும் விலகிப் போயிருக்க, ஒரு துணுக்கு மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நின்றது.

"முட்டையில ரெண்டு கருவும் தனித்தனியா முழுசா இருக்குது. இது பங்கு பிரியறப்பவே தப்பாயிடுச்சு. இப்படி ஆன செல்லுல நிறைய செத்துப்போகும். சாகாதது பெருகும்."

"யாரு பண்ணுன தப்புங்க?"

"யாருமில்லீங்க. உங்க செல்லுதான்."

"எதனாலங்க?"

"வெயிலா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

பழி போட ஆள் இல்லாமல் வீடு திரும்பினேன்.

மறுநாள் கட்டியைச் சுற்றுத்தோலோடு வெட்டியெடுத்தார்கள். சோதித்ததில் ஒரு பக்க ஓரத்தில் அந்தச் செல்கள் இருந்தன. மறுபடியும் வெட்டினார்கள். இம்முறை ஓரங்களில் எதுவும் இல்லை.