கன்னடத்தில் நான் சொன்னது

ஐந்து வருஷம் நான் ஒரு பாஸ்டருக்கு இடது பக்கம் நின்று பேசினேன். அவர் தமிழில் ஒரு வரி சொல்வார், நான் அதைக் கன்னடத்தில் சொல்வேன். அவர் கையைத் தூக்கினால் நானும் தூக்குவேன், அவர் குரல் தழுதழுத்தால் என் குரலும் தழுதழுக்கும். பாகலூரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வாயில் இருக்கும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மைக் கைக்கு வந்ததும் எனக்குப் பெருமை வந்துவிட்டது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்கு முன்பு நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஓசூரில் ஒரு பழைய சபை. மொத்தம் இருபது குடும்பம். பாட்டு இழுவை, பிரசங்கம் அதைவிட இழுவை. என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தால் முதல் ஜெபத்திலேயே தலை தொங்கிவிடும். புதுச் சபையோ ஒரு பழைய பேக்கிங் கம்பெனி ஷெட்டில் நடந்தது. டிரம்ஸ், கீபோர்டு, கலர் லைட்டு. செத்தவன்கூட எழுந்து உட்காருவான்! சேர்ந்த இரண்டாவது மாதமே பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், உங்களுக்குக் கன்னடம் சரளமா வருமாமே?" என்று கேட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கன்னடக் குடும்பங்கள் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது.

பாஸ்டர் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான். ராஜாதி ராஜாவின் பிள்ளை வாடகை வீட்டில் இருக்கலாமா? பஸ்ஸில் தொங்கலாமா? பர்மனென்ட் ஆகாமல் கான்ட்ராக்டிலேயே கிடக்கலாமா? புது கார் வாங்கியவர்கள் சாவியை மேடைக்குக் கொண்டுவருவார்கள். வேலை கிடைத்தவர்கள் ஆர்டரைக் கொண்டுவருவார்கள். பாஸ்டர் எண்ணெய் தடவி ஜெபிப்பார், கைதட்டல் கூரையைப் பிளக்கும். கொண்டுவர ஒன்றும் இல்லாதவர்கள் கீழே உட்கார்ந்து, தங்கள் விசுவாசத்தில் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நோய் வந்தாலும் அதே கதைதான். நோய் என்பது அவிசுவாசத்தின் அடையாளம் என்பார். அத்தனையையும் நான் கன்னடத்தில் சொன்னேன், அதுவும் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து.

என் வீட்டுக்காரருக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, நல்லபடியாகத்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "விசுவாசத்தோட வாயால அறிக்கை பண்ணுங்க பிரதர்" என்று மைக்கை நீட்டினார். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷன் அவர். அன்றைக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். "எனக்கு சுகர் போயிட்சி. ஆண்டவரு சுகம் குடுத்துட்டாரு" என்றார். பக்கத்தில் நின்று அதைக் கன்னடத்தில் சொன்னவள் நான். சபை எழுந்து நின்று கைதட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது. ரத்தத்தைப் பரிசோதித்தாயா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி மாத்திரை அட்டை ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை.

"அவ்ளோ பேரு முன்னாடி சுகமாயிட்சின்னு சாட்சி சொன்னன். சொல்லிட்டு வூட்ல வந்து மாத்திரய முழுங்குனா அது பொய்ச்சாட்சி இல்லியா?"

பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டால் வரும் தொல்லை இது. வேறு ஒருவராக இருந்தால் மேடையில் ஒன்று சொல்லிவிட்டு வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போயிருப்பார். நானும் வாயை மூடிக்கொண்டேன். பாதி நம்பினேன், மீதிப் பாதி அந்தக் கைதட்டலுக்காக.

இரண்டு மாதம் போனது. ஆள் இளைத்தார். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். கேட்டால் வெயில் என்றார். அப்புறம் ஒரு விசித்திரம் நடந்தது. கைக்குட்டையைக்கூடத் துவைத்துப் பழக்கமில்லாத மனுஷன் தன் சாக்ஸைத் தானே துவைக்க ஆரம்பித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் சபைக்கும் சாக்ஸோடு வந்தார். ஒரு சனிக்கிழமை அவர் குளிக்கப் போனபோது பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்த சாக்ஸைக் கையில் எடுத்தேன். அழுகல் நாற்றம் அடித்தது.

குளித்துவிட்டு வந்தவரை உட்காரவைத்துக் காலைப் பார்த்தேன். சேஃப்டி ஷூ கடித்த புண். சுண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. கம்பெனி முதலுதவி ரூமில் நர்ஸ் மூன்று தடவை டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாளாம், இவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"காலு போச்சின்னா என்னாய்யா பண்ணுவ?" என்று கத்தினேன்.

"ஆண்டவரு பாத்துக்குவாரு."

"அவரு பாத்துக்கினுதான்யா அந்த டாக்டரயும் மாத்திரயும் குடுத்தாரு!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை உடைத்துவிட்டது. "ஆண்டவர பொய்யாக்கச் சொல்றியா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம், "நாளைக்கு ஞாயித்துக்கெழம. பாஸ்டரு ஒரு தபா கை வெக்கட்டும். அப்பறம் நீ சொல்ற எடத்துக்கு வர்றன்" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை.

மறுநாள் மேடையில் நின்றேன். பாஸ்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வசனம் வாசித்தார். அப்புறம் சொன்னார்: "மாத்திரை டப்பாவை நம்புறவன் ஆண்டவரை நம்பல. நம்ம பிரதரைப் பாருங்க, ரெண்டு மாசமா மாத்திரை இல்ல!" முதல் வரிசையில் இருந்த என் வீட்டுக்காரரைக் கையால் காட்டினார். இப்போது என் முறை. நான் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று அவர் இன்னொரு தடவை சொன்னார்.

"ஐயா, இத நான் சொல்ல மாட்டேன்" என்றேன், மைக்கிலேயே. "இவருக்கு சுகர் போவல. காலு அழுகிப் போவுது. நேத்துதான் பாத்தன்." அதையே கன்னடத்திலும் சொன்னேன். பழக்கதோஷம்.

உடனே கீபோர்டு முழங்க ஆரம்பித்தது. யாரோ என் மைக்கை அணைத்தார்கள். எனக்கு எதற்கு மைக்? சந்தையில் கத்திரிக்காய் விற்றவள் பெற்ற பிள்ளை நான். இரண்டு பாஷையிலும் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தும்போதே பயமாகவும் இருந்தது. இத்தனை பேர் முன்னால் புருஷனைப் பொய்யன் ஆக்கிவிட்டேனே, இனி வீட்டில் என்னைத் திரும்பிப் பார்ப்பாரா?

அவர் எழுந்து நொண்டிக்கொண்டே வந்தார். மேடை விளிம்பில் உட்கார்ந்தார். குனிந்து சாக்ஸை மெள்ள உரித்தார். முன்வரிசைப் பெண்கள் "ஐயோ" என்று முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். கீபோர்டு நின்றது. "நான் சொன்னது தப்பு. எனக்கு சுகமாவல" என்றார், மைக் இல்லாமல். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆட்டோ கூப்புடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். சுண்டு விரலை எடுத்தார்கள், பாதம் பிழைத்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார். அன்று வராந்தாவில் நின்று நான் செய்த ஜெபத்தில் "நன்றி" என்பதைத் தவிர வேறு வார்த்தையே இல்லை.

மூன்றாம் நாள் பாஸ்டர் ஆப்பிள் பையோடு வந்தார். வந்ததற்கு நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவிசுவாசம் உள்ள வந்துடுச்சு சிஸ்டர், அதான்" என்றாரே பார்க்கலாம்!

"பாஸ்டர், அந்தக் கண்ணாடிய கழட்டிட்டு ஒரு வசனம் வாசிங்க, கேக்கறன்" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் தையல் பிரியச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பைபிள்ல சபைகளுக்கு அத்தன நிருபம் எழுதுன அப்போஸ்தலருக்கே ஒடம்புல முள்ளாட்டம் ஒரு நோவு இருந்துச்சி. மூணு தபா ஜெபம் பண்ணியும் போவல. அவருக்கும் அவிசுவாசமா?" என்று கேட்டேன். அவர் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார். ஆப்பிள் நன்றாகவே இருந்தது.

இப்போது பழைய சபைக்கே திரும்பிவிட்டோம். கம்பெனியில் அவரை நிற்கத் தேவையில்லாத இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மாற்றிவிட்டார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஜெபத்தில் அவர் தலை என் தோளில் சாய்கிறது, நானும் எழுப்புவதில்லை. நிம்மதி என்றால் இதுதான் போலிருக்கிறது.

போன மாதம் ஒரு மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக் குடும்பங்களில் ஒரு அக்கா, அறுபது வயது இருக்கும். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தாள். பிரஷர் மாத்திரை, பிரிக்காத அட்டைகள். ஒரு வருஷமாகத் தொடவில்லையாம்.

"ஏன் அக்கா? அன்னிக்கு நான் கத்தினது கேக்கலயா?" என்று கன்னடத்தில் கேட்டேன்.

அன்றைக்கு அவள் வரவில்லையாம். ஊரில் கல்யாணம். பிறகு நாங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு யாரோ ஏதோ மழுப்பியிருக்கிறார்கள்.

"அந்த பாஸ்டர் பேச்சைக் கேட்டா நிறுத்தினீங்க?" என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "எனக்குத் தமிழ் வராதேம்மா. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னே, நிறுத்தினேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"நான் சொன்னது தப்பு அக்கா" என்று கன்னடத்தில் சொன்னேன். "மாத்திரை போடறதால ஆண்டவர் கோச்சிக்க மாட்டார். வாங்க, டாக்டர்கிட்ட போலாம். நான் கூட வர்றேன்."

எனக்கு வலது பக்கம் யாரும் நிற்கவில்லை. யாரும் எனக்கு முன்னால் அதைத் தமிழில் சொல்லியிருக்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டு, கவரைச் சுருட்டி என் கையில் கொடுத்து எழுந்தாள்.