எலும்பு மாஸ்ரரின் கை

ஆட்டின் முன்னங்கால் ஒன்று மேசைக்கு வந்தால் வில்லெம் ஹாவர்காம்ப் முதலில் அதோடு கைகுலுக்குவார். குளம்புப் பக்கத்தை ஒரு கையால் பிடித்து, தோள் பக்கத்தை மறு கையால் தாங்கி, மடக்கி நீட்டி, காதோரம் வைத்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் தராசில் வைக்க விடுவார். சனிக்கிழமை காலை ரொறன்ரோ அஜின்கோர்ட் பகுதி இறைச்சிக் கடையில் வரிசை வாசல் தாண்டி நின்றாலும் இதில் ஒரு குறை வராது. கடைக்காரர் இக்னேசியஸ் மின்வாளின் பொத்தானில் விரல் வைத்தால் போதும், வில்லெமின் சத்தம் எழும்பும்.

"மச்சான், நில்! மூட்டு இருக்கேக்கை எலும்பை ஏன் அறுக்கிறாய்? கதவு திறந்து கிடக்கு, நீ சுவரை உடைக்கிறாய்!"

உடனே மேசைக்குப் பின்னால் புகுந்துவிடுவார். சின்னக் கத்தியால் மூன்று தொடுகை. கால் தானாகக் கழன்று விழும். எலும்பில் ஒரு கீறல் இருக்காது. வரிசையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள்.

"அத்தான், பின்னாலை இருபது பேர் நிக்கினம்" என்று இக்னேசியஸ் முறைப்பார்.

"நிக்கட்டும். ரிக்கற் இல்லாத வகுப்பு."

ஆள் ஒல்லாந்துக்காரர். வயது எழுபத்தொன்பது, உயரம் ஆறடி நாலங்குலம். உடற்கூற்றியல் பேராசிரியர். இறந்தவர்களின் உடலைத் திறந்து காட்டி, இருப்பவர்களை எப்படிப் பிழைக்க வைப்பது என்று ரொறன்ரோவில் முப்பத்தெட்டு வருடம் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இக்னேசியஸின் அக்கா ஜெசிந்தாவைக் கட்டி, அவரிடமே தமிழும் படித்து எங்கள் ஆள் ஆனவர். ஊர் வைத்த பெயர் எலும்பு மாஸ்ரர். இந்த நகரத்தில் உங்கள் கை முறிந்து யாராவது பொருத்தியிருந்தால், அந்த வைத்தியர் இவரிடம் படித்திருப்பார். இல்லையென்றால் இவரிடம் படித்தவரிடம் படித்திருப்பார். பந்தயம் கட்டத் தயார்.

பெரிய வீட்டில் பிறந்து, வெள்ளிக் கரண்டியோடு பல்கலைக்கழகம் போனவர் என்று நினைக்க வேண்டாம். தகப்பன் பிறத்தியாரின் பண்ணையில் பால் கறந்தவர். ஒன்பது வயதில், குறுக்கே கிடந்த கன்றைத் திருப்புவதற்காகப் பசுவின் வயிற்றுக்குள் இவருடைய கையை விட்டார்கள். வீட்டில் இருந்த கைகளில் அதுதான் சிறியது. "கண்ணாலை பாக்கேல்லை. விரலாலை பாத்தன். இது முழங்கால், இது மூக்கு எண்டு விரல் சொல்லிச்சுது" என்பார். கன்று உயிரோடு வந்தது. பதினாலு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. குரோனிங்கன் நகரத்தில், எலும்பும் உறுப்பும் போட்டு வைக்கும் கண்ணாடிப் போத்தல்களைக் கழுவுகிற வேலை கிடைத்தது. ஒட்டியிருந்த சீட்டுகளை வாசித்தே லத்தீன் பெயர்களைப் பாடமாக்கினார். கழுவினவர்தான் பிறகு அதே மண்டபத்தில் பரீட்சை எழுதி, முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை முதலாவதாக வந்தார். அப்படிக் கீழிருந்து ஏறினவர்களை எங்களுக்குக் கண்டவுடன் தெரியும். தோற்ற கதையைத்தான் அவர்கள் சத்தமாகச் சொல்வார்கள்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் ரொறன்ரோ வந்தவர் திரும்பவே இல்லை. கரும்பலகைக்கு முன் இரண்டு கையிலும் வெண்கட்டி எடுத்து ஒரே நேரத்தில் மனித உருவத்தை வரைவார். வலக்கை வலது தோளை இறக்கும்போது இடக்கை இடது தோளை இறக்கும். இரண்டும் சுண்டுவிரல் நுனியில் ஒன்றாக முடியும். அவருடைய ராச்சியம் கை. பெருவிரலைப் பற்றி மட்டும் நானூறு பக்கத்தில் புத்தகம் எழுதியிருக்கிறார்.

"ஒரு பெருவிரலுக்கு நானூறு பக்கமோ அத்தான்?" என்று இக்னேசியஸ் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார்.

"இரண்டு பெருவிரலுக்கு, மச்சான். ஆளுக்கு இருநூறுதான்."

ஜெசிந்தாவைக் கண்டதும் ரொறன்ரோவில் உடல்களை வைத்துப் படிப்பிக்கும் மண்டபத்தில்தான். அவர் மன்னார் பேசாலைக்காரி. அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை. மற்றவர்கள் உள்ளே போகப் பயந்தபோது இவர் மட்டும் வாசலில் நின்று சிலுவை போட்டு, ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டு வாளியோடு நுழைவார். யாருக்காகச் செபம் என்று பேராசிரியர் கேட்டார். "உள்ளுக்குப் படுத்திருக்கிற ஆக்களுக்கு. நீங்கள் அதுகளைக் கேள்வி மேலை கேள்வி கேக்கிறியள். ஒருத்தராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமோ?" என்றார் ஜெசிந்தா. எட்டு மாதத்தில் கல்யாணம். சண்டை வந்தால் ஜெசிந்தா, "மன்னார்க் கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தப் பரம்பரைதானே" என்று குத்துவார். "கோட்டை எங்களிட்டை நிக்கேல்லை. நீர் நிண்டிட்டீர்" என்பார் இவர். அதோடு சண்டை முடியும்.

கடவுள் நம்பிக்கை அவருக்குக் குறைவு. ஆனாலும் ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டார். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற அந்த ஒரு நிமிடத்துக்காகவே வருகிறார். பிடித்த கையைச் சுலபத்தில் விடமாட்டார், மணிக்கட்டைத் தடவி, "எட்டு எலும்பும் சுகம். சமாதானம்!" என்பார். இதனால் அவர் இருக்கும் பின் வாங்கில் இப்போது இடம் கிடைப்பதில்லை. பாணுக்கு மா குழைத்து விரல் விறைத்தவர்கள், ரக் வண்டி ஓடி மணிக்கட்டு வீங்கினவர்கள் எல்லோரும் அங்கேதான் முட்டிமோதுகிறார்கள். சுவாமியார் அடுத்த செபத்தைத் தொடங்கக் காத்து நிற்கிறார்.

இவ்வளவு கெட்டிக்காரரால் மூன்று வருடமாக வெல்ல முடியாத ஒன்று அவருடைய குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. உடல்தானப் படிவம். தன் உடம்பைத் தான் படிப்பித்த மண்டபத்துக்கே கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய பக்கத்தை நிரப்பிக் கையெழுத்தும் வைத்துவிட்டார். ஆனால் அந்தத் துறையில் ஒரு விதி உண்டு: வீட்டாரின் கையெழுத்து இல்லாமல் எவரையும் எடுப்பதில்லை. விதியை எழுதியவர் யார்? அவரேதான், துறைத் தலைவராக இருந்த காலத்தில்.

ஜெசிந்தா கையெழுத்து வைக்கமாட்டேன் என்றுவிட்டார். ஸ்காபரோ மயானத்தில் இரண்டு பேருக்கான குழி ஏற்கெனவே வாங்கியாயிற்று. கறுப்புக் கல்லில் இரண்டு பெயரும், பிறந்த வருடங்களும், பக்கத்தில் ஒரு கோடும்கூடச் செதுக்கி நட்டாயிற்று.

"ஊரிலை உள்ள எல்லாரும் தரட்டும், நான் செபம் சொல்லுறன். உங்களைத் தரமாட்டன்" என்றார். "கல்லுக்குக் கீழை நான் தனியப் படுக்கிறதோ? நீங்கள் போத்தலுக்குள்ளை கிடந்து பொடியளுக்குப் பல்லைக் காட்டுறதோ?"

"நாப்பது வருஷம் மற்றவையின்ரை கையைத் திறந்தன், ஜெசி. என்ரை கையை மட்டும் பூட்டி வைச்சால் நான் என்ன மனுசன்?"

அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லும்போது கண் மினுங்கும். அவருடைய இடது புறங்கையில் ஒரு சின்னத் தசை கூடுதலாக இருக்கிறது. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் அப்படி அமையும். "யாருக்கும் சொல்லாதை, மச்சான். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடிச்சுக் கத்தும். புத்தகத்திலை இல்லாதது கையிலை இருக்கு எண்டு கத்தும். அந்தச் சத்தத்தைக் கேக்க நான் இருக்கமாட்டன். அது ஒண்டுதான் கவலை." கடையில் இதை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

போன யூன் மாதம் பல்கலைக்கழகத்தில், உடல் தந்தவர்களின் குடும்பங்களுக்கு மாணவர்கள் நன்றி சொல்லும் கூட்டம் நடந்தது. வருடா வருடம் நடப்பதுதான். ஜெசிந்தா முதல் தடவையாகப் புறப்பட்டார், அதுவும் புதுத் தலைவரிடம் நேரே "இல்லை" என்று சொல்லிவிட்டு வருவதற்காக. படிவத்தைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தார், திருப்பிக் கொடுக்க.

மேடையில் நிரூபா என்ற, பக்கத்து பிக்கரிங் நகரத்து மாணவப் பிள்ளை பேசியது. தான் உடலைத் திறந்து படித்த அம்மாவின் பெயர் தெரியாது, ஆனால் விரல்களில் ரோசா நிற நகப்பூச்சு இருந்தது என்றது. வருடம் முழுக்க அதை ஒருவரும் அழிக்கவில்லையாம். பரீட்சை நாளில் தானும் அதே நிறம் பூசிக்கொண்டு போனாளாம்.

தேநீர் நேரம் ஜெசிந்தா அவளைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, படிச்சு முடிஞ்சாப் பிறகு அந்த மனுசியை என்ன செய்தனீங்கள்? போத்தலிலை போட்டாச்சோ?"

"ஐயோ, நோ அன்ரி! ஒரு சின்ன பீஸ்கூட மிஸ் ஆகாது. எல்லாத்தையும் ஒண்டாவே வைச்சிருந்து, தகனம் செய்து, சாம்பலை ஃபமிலிக்குத் திருப்பிக் குடுப்பம். இண்டைக்குத்தான் அவவின்ரை மகன் வாங்கினவர். ஹி வோஸ் க்ரையிங், பட் லைக், ஹப்பி."

ஜெசிந்தா மெதுவாகத் திரும்பிப் புருசனைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ. திருப்பித் தருவினமாமே?"

"ஓம், தருவினம். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எனக்கு ஆர் சொன்னது?"

சொல்ல வேண்டியவர் பேராசிரியர்தான். முப்பத்தெட்டு வருடம், வருடத்துக்கு இருநூறு பேருக்கு முதல் நாள் முதல் பாடமாக இதைச் சொன்னவர். வீட்டில் ஒருநாளும் சொல்லவில்லை. போத்தல் கழுவி வளர்ந்த மனுசன். மனைவி போத்தலைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பகிடி என்று நினைத்துவிட்டார். இதை எழுதுகிற கைக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். அதுகூட முதலில், உடம்பைத் திருப்பித் தருவார்களா என்றுதான் கேட்டிருக்கும்.

"மூண்டு வருஷம்!" என்றார் ஜெசிந்தா. "மூண்டு வருஷமா என்னோடை சண்டை பிடிச்ச மூளைசாலி!" கோபமாகத்தான் தொடங்கினார், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த தேநீர் தளும்பி நிரூபாவின் சப்பாத்தில் ஊற்றியது. பேராசிரியர் தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார். புதுத் தலைவர் என்ன நடக்கிறது என்று விளங்காமல் தானும் சிரித்தார்.

"எவ்வளவு காலம் வைச்சிருப்பியள்?" ஜெசிந்தா நிரூபாவைக் கேட்டார்.

"மே பீ த்ரீ இயர்ஸ், அன்ரி."

"அதுக்கு மேலை ஒரு நாள் கூடாது. கல்லு காத்துக்கொண்டு நிக்கும்."

கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். தேநீர் மேசையில் விரித்து, பிஸ்கற் தூளைத் தட்டிவிட்டு, நிரூபாவின் பேனையை வாங்கி, நிதானமாகக் கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புருசனின் கையைப் பிடித்திழுத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, திருப்பித் தர வேண்டிய வீட்டின் ரெலிபோன் இலக்கத்தை அழுத்தி எழுதினார், பத்து இலக்கமும்.

பேராசிரியர் அந்தக் கையை மூடவில்லை. குனிந்து, மை காயும்வரை ஊதிக்கொண்டே நின்றார்.