சம்பந்தியம்மாளின் பிசினஸ் கிளாஸ் சீட்

1. பிளேன் படம் போட்ட கார்டு

ஆறுமுகம் அண்ணாச்சி என் கவுன்டரில் கிரெடிட் கார்டைத் தூக்கிப் போட்ட வேகத்தில் அது வழுக்கிக்கொண்டு போய் ஸ்டேப்ளருக்கு அடியில் செருகிக்கொண்டது.

"டீச்சர், கார்டுல பிளேன் படம் போட்டிருக்கான். ஆனா அந்தப் பிளேன் திருவனந்தபுரத்துக்கே வராதாமே! இத வச்சு நான் என்னத்தச் செய்ய?"

நான் டீச்சர் அல்ல. பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட்டிங் பார்த்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் கண்ணாடி போட்டு, காட்டன் சேலை கட்டியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது. மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சிக்குக் கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி. ஒரே மகளை சிகாகோ மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மகளுக்குப் பேறுகாலம் என்றால் தாய் போயாக வேண்டும். ஆனால் அவர் மனைவி செல்லம்மாளுக்குக் காலில் நரம்புச் சுருட்டல். கொஞ்ச நேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலே கால் வீங்கிவிடும். விமானத்தில் போவதானால் காலை நீட்டிப் படுத்துத்தான் போக வேண்டும், உட்கார்ந்தே போனால் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படுத்துப் போவதென்றால் பிசினஸ் கிளாஸ். அந்த டிக்கெட்டின் விலையை நான் சொன்ன அன்று அண்ணாச்சி குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதன் பிறகுதான், தேய்க்கத் தேய்க்கப் பாயின்ட் சேர்ந்து அதுவே விமான டிக்கெட்டாக மாறும் இந்த மைல்ஸ் கார்டு யோசனை. மகள் உண்டாவதற்கு முன்பே அவள் பிரசவத்துக்குப் பாயின்ட் சேர்க்கக் கிளம்பிய தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் வாங்கியிருந்தது ஒரே ஒரு ஏர்லைனோடு பேங்க் சேர்ந்து போடும் கார்டு. அதில் சேரும் மைல்ஸ் அந்த ஏர்லைனுக்கு மட்டுந்தான் செல்லும். நம் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடா வழியாகப் போவதுதான் தோது. பல ஏர்லைன்களுக்குப் பாயின்டை மாற்றிக்கொள்ளும் கார்டாகப் பாருங்கள், எந்தச் செலவுக்குப் பாயின்ட் கிடையாது என்று முதலிலேயே கேளுங்கள், ஓசி டிக்கெட்டுக்கும் வரி உண்டு என்று விளக்கினேன். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கார்டு விற்ற ஆளை அங்கிருந்தே போனில் பிடித்தார்.

"ஏம்வே, எங்க ஊருப் பக்கம் வராத பிளேனுக்கு எனக்கு என்னத்துக்குவே கார்டு குடுத்தீரு?"

ஸ்பீக்கரில் மெட்ராஸ் குரல் சளைக்காமல் வந்தது. "சார், இந்தக் கார்டுக்கு ஏர்போர்ட் லவுஞ்ச்ல சாப்பாடு ஃப்ரீ சார்."

"சோறு திங்கதுக்கு நான் எதுக்குவே ஏர்போர்ட்டுக்கு வரணும்? எங்க வீட்டுல அடுப்பு இல்லியா?"

2. ஊருக்கெல்லாம் ஒரு கார்டு

புதுக் கார்டு வந்தது. பாயின்ட்தான் வளரவில்லை. உளுந்து மண்டிக்காரர் கார்டை வாங்க மாட்டேன் என்றார். பெட்ரோலுக்குப் பாயின்ட் கிடையாது. அப்பளம் காயவைக்கும் வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை.

அண்ணாச்சி மற்றவர்களின் செலவைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம் என்று காதில் விழுந்தால் போதும், நகைக்கடைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். பணத்தை அவர்களிடம் வாங்கிக்கொண்டு தன் கார்டைத் தேய்ப்பார். பிரிட்ஜ், பீரோ, கட்டில், மெத்தை, மாப்பிள்ளைக்கு பைக் என்று எதையும் விடவில்லை. கொஞ்ச நாளில் அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் அண்ணாச்சியின் கார்டு வராத கல்யாணமே இல்லை என்றாகிவிட்டது. தாலி எடுக்கப் போகையில் தாய்மாமன் வரச் சுணங்கினால்கூடப் பொறுத்தார்கள், கார்டு வராமல் கடைப்படி ஏறவில்லை. பொண்ணு வீட்டார் நெக்லஸை வைத்துவிட்டு ஆரம் எடுத்தால், பெற்றவர்களைவிட அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது.

இந்தக் காலம் முழுக்கச் செல்லம்மாள் வீட்டில் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்பளம் தேய்க்க வரும் பெண்களுக்கு மாவு பதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

3. முன்னால் யார், பின்னால் யார்

மகள் முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. பாயின்டும் சேர்ந்திருந்தது. ஆனால் மைல்ஸ் கொடுத்து வாங்கும் பிசினஸ் கிளாஸ் சீட்டை ஏர்லைன்காரர்கள் எண்ணித்தான் திறப்பார்கள். தினமும் காலையில் ஆபீசில் சாமி படத்துக்கு விளக்குப் போட்ட கையோடு எங்கள் ஓனர் கேட்பார், "டீச்சர், கல்லிட சீட்டு தொறந்துட்டா?" ஒருநாள் திறந்தது. ஒரே ஒரு சீட். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். செல்லம்மாள் படுத்துக்கொண்டு போவார், பேரப்பிள்ளையைக் கையில் வாங்குவார் என்று என் சொந்தச் செலவில் எல்லோருக்கும் டீ சொன்னேன்.

மதியம் அண்ணாச்சி வந்தார். சம்பந்தியம்மாள் கோமதியும் அதே விமானத்தில் போகிறார்களாம். மாப்பிள்ளை தன் அம்மாவுக்கு சாதா டிக்கெட் போட்டுவிட்டாராம்.

"அதனால அந்தப் பெரிய சீட்ட சம்பந்தியம்மா பேருல போடுங்க டீச்சர். செல்லத்துக்குப் பின்னால ஒண்ணு போட்டுருங்க."

"அண்ணாச்சி, கால் வீங்குறது சம்பந்தியம்மாவுக்கா, உங்க வீட்டம்மாவுக்கா?"

"மாப்பிளயப் பெத்தவ பின்னால இருந்து வர, பொண்ணப் பெத்தவ முன்னால காலு மேல காலு போட்டுப் படுத்துட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்? நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்கு இது தெரியாது."

தெரியாமல் என்ன! வேதக்காரர்களிலும் சம்பந்திகள் உண்டு. என் தங்கை மகன் கல்யாணத்தில் முன் பெஞ்சுக்காக நடந்த சண்டையில் பாதிரியாரே பேசாமல் நின்றார். ஆனால் இங்கே பேச்சு ஒரு பெண்ணின் காலைப் பற்றியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியும் பார்த்தேன். பாயின்ட் அவருடையது, நான் கவுன்டரில் இருப்பவள். என் கையால்தான் அந்த டிக்கெட்டைப் போட்டேன்.

மைல்ஸ் டிக்கெட்டை வேறொருவர் பெயரில் போட்டதால் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கச் சம்பந்தியம்மாளை வரச் சொல்லியிருந்தேன். அண்ணாச்சியே காரில் கூட்டி வந்தார். கோமதியம்மாள் எங்கள் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வந்தார். செல்லம்மாள் ஏற முடியாமல் கீழே காரிலேயே இருந்தார்.

"மதினி எனக்குப் பக்கத்துலதான இருக்காவ?" என்றார் கோமதியம்மாள்.

"இல்லம்மா. நீங்க முன்னால தனியா, அவங்க பின்னால."

அவர் முகம் செத்துவிட்டது. "தனியாவா? நான் பிளேன்ல ஏறுனதே கெடையாது. ஒருத்தி வந்து இங்கிலீசுல கேட்டா நான் என்ன சொல்ல? அண்ணாச்சி, எனக்கு அந்தச் சீட்டு வேண்டாம்."

"அது ஒங்களுக்கு உள்ள மரியாத, அம்மா" என்றார் அண்ணாச்சி, கையைக் கட்டிக்கொண்டு. அதற்கு மேல் அந்த அம்மாளாலும் பேச முடியவில்லை. கிடைக்கிற மரியாதையை வேண்டாம் என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு இழுக்கு.

நான் கீழே இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். இத்தனை நாளில் நான் செல்லம்மாளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"படுக்கணும் டீச்சர்" என்றார். "எனக்குப் பயமா இருக்கு. போற வழியிலயே எனக்கு ஏதாச்சும் ஆயிட்டுன்னா புள்ளத்தாச்சிப் பொண்ணு என்ன செய்வா? ஊருக்கெல்லாம் கார்டத் தேச்சாவ. ஒனக்குக் காலு எப்படி இருக்குட்டின்னு ஒரு நாளு கேக்கல."

பின்னால் வந்து நின்ற கோமதியம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். செல்லம்மாளின் வீங்கிய காலை மட்டும் பார்த்தார்.

4. படுத்தவர்

விமானம் மேலே ஏறிப் பட்டையைக் கழற்றலாம் என்றதும் கோமதியம்மாள் எழுந்து நேராகப் பின்னால் வந்துவிட்டாராம். "எந்திரிங்க மதினி, போய்ப் படுங்க" என்று செல்லம்மாளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போயிருக்கிறார். விதிப்படி அப்படிச் சீட்டு மாறக் கூடாது. தடுக்க வந்த பணிப்பெண்ணிடம் கோமதியம்மாள் தமிழிலேயே பேசி, செல்லம்மாளின் சேலையைக் கொஞ்சம் விலக்கி அந்தக் காலைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணே தலையணையை எடுத்துக் காலுக்கடியில் வைத்தாளாம். வளைகுடாவில் மாறி ஏறிய அடுத்த விமானத்திலும் கால்தான் பேசியிருக்கிறது.

கல்லிடையில் அண்ணாச்சி இதை அறியாமல், சம்பந்தியம்மாளைப் பிசினஸ் கிளாஸில் அனுப்பிய பெருமையைக் கடைகடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறிந்த பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். டிக்கெட்டில் பெயர் அதுதானே!

பேத்தி பிறந்து, ஊர் திரும்பிய பிறகு செல்லம்மாள் ஆபீசுக்கு வந்தார். நான் காருக்கு இறங்கிப் போனேன். பக்கத்தில் அண்ணாச்சி இருந்தார்.

"டீச்சர், எம்பேருல பேங்க்ல டெபாசிட் கெடக்கு. அத ஈடா வச்சு எனக்குக் கார்டு குடுப்பானா? எது நல்ல கார்டு?"

"அது என்னத்துக்குட்டி?" என்று அண்ணாச்சி பதறினார். "என் கார்டுலயே ஒனக்கும் சேத்து ஒண்ணு எடுத்துருதேன்."

"அதுல நீங்க யாரப் படுக்கச் சொல்லுதியளோ அவ படுப்பா. வலிக்கது எங்காலு."

அன்றிலிருந்து மைல்ஸ் கார்டில் எது நல்லது என்று யார் வந்து கேட்டாலும், பயணம் போகப்போகிறவர் யாரோ அவரைப் பேசச் சொல்லுங்கள் என்பேன். இப்போது என் கவுன்டரில் உட்காரும் பிள்ளைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவரால் மாடி ஏற முடியாவிட்டால் நீங்கள் இறங்கிப் போங்கள்.