வெளியே கேட்ட குரல்

சேரன்மகாதேவி தாண்டியதும், பேருந்தில் எனக்குப் பின்னால் ஒரு பெண் கைப்பேசியில் உரக்கப் பேசத் தொடங்கினாள். ஜன்னலில் வயல்கள் பச்சையாய் நழுவிக்கொண்டிருந்தன. சிறுவயதில் மனப்பாடம் செய்த பைபிள் சங்கீதம் ஒன்று தானாகவே வரிவரியாக எனக்குள் எழுந்தது.

விக்கிரமசிங்கபுரத்தில் அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தாள். இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியவளுக்கு வீட்டிலும் தணிந்த குரல் வராது. மாலையில் பஞ்சு ஒட்டிய தலையோடு அடுப்படியில் நின்று அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவாள். சோறு கொதிக்கும் வாசனையும் அந்தப் பேச்சும் சூழ்ந்திருக்க, நான் வேத வசனங்களை மனப்பாடம் செய்வேன்.

பாளையங்கோட்டையில் நடந்த வசனப் போட்டிக்கு என்னை அழைத்துப் போன அம்மா, தன் குரலுக்குப் பயந்து வெளியிலேயே நின்றுகொண்டாள். மேடையேறினேன். அப்படி ஓர் அமைதியை நான் அறிந்ததில்லை. இரண்டாம் வரியோடு எல்லாம் மறந்துபோயிற்று. நடுவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்போது வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, பாவநாசம் பஸ்ஸு இங்கன நிக்குமா, அங்கன போவணுமா?"

மறந்த வரிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன. கடைசிவரை சொல்லி முடித்தேன்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏட்டி, நான் பேசுனது உள்ள கேட்டுச்சா? பைய பேசணும்னுதான் நெனச்சேன்."

"கேட்டுச்சும்மா. அதுலதான் எனக்கு ஞாபகமே வந்துச்சு."

அவள் நம்பவில்லை. தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று எண்ணி என் தலையைத் தடவினாள். ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நடத்துநர் வந்து பின்னாலிருந்த பெண்ணிடம், "கொஞ்சம் பைய பேசுங்கம்மா" என்றார்.

"பேசட்டும் அண்ணாச்சி" என்றேன்.