செத்தவருக்கு முளைத்த வால்

என் மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவார். நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே என் குரலில் பேசி என் வீட்டுக்காரரைச் சிரிக்க வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் நாலு பேர் கூடினால் அத்தை 'தாத்தா செத்த கதை'யைச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய தாத்தா நகராட்சி பம்ப் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கு மேல் கோபம். ஒரு நாள் அவர் பேருக்குத் தந்தி வந்தது. தபால்காரர் படித்துச் சொன்னார்: இன்னார் இறந்துவிட்டார், ஆழ்ந்த வருத்தம். இன்னார் என்பது தாத்தாவின் பேரேதான். பேருக்குப் பின்னால் மட்டும் சம்பந்தமில்லாமல் ஓர் எழுத்து. இந்த இடத்தில் அத்தைக்குத் தாத்தாவின் கட்டைக் குரல் வந்துவிடும்.

"ஏன்டா, நான் செத்தத எனக்கே சொல்றானுங்களா? செத்தவனுக்கு வாலு வேற முளைச்சிருக்கு பாரு!"

பென்ஷனை நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவுகட்டிய தாத்தா, நேராக பென்ஷன் ஆபீஸுக்குப் போய், "தொட்டுப் பாருங்கய்யா, சுடுதா இல்லையா?" என்று கையை நீட்டினாராம். தந்தியை அங்கேயே கிழித்துப் போட்டாராம். கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும். "எங்கம்மா அடுப்படியில வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. அப்படி சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்குச் சிரிக்க ஒன்றும் வாய்க்கவில்லை. பட்டாளத்துக்குப் போன புருஷனிடமிருந்து மாதம் தவறாமல் வந்த கடிதம் நின்றுபோனது. வேறு ஊரில் வேறு குடும்பம் என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். அவள் நம்பிவிட்டாள். "அந்தாளு வந்தா கதவத் திறக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அத்தையும் தன் பேருக்கு முன்னால் இருந்த அப்பாவின் இனிஷியலைத் தூக்கிவிட்டு அம்மாவினுடையதைப் போட்டுக்கொண்டார். ஆனாலும் எக்ஸ்சேஞ்சில் லைன் சும்மா இருக்கும்போதெல்லாம் வெளியூர் ஆபரேட்டர்களிடம் அப்பா பேரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். திட்டுவதற்காகத் தேடினேன் என்றார். நான் நம்பவில்லை.

போன வருஷம் அத்தையின் இதயத்தைப் பற்றி டாக்டர் இழுத்து இழுத்துப் பேசினார். வீட்டுக்கு வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா விட்டுட்டுப் போனாரா, செத்துப் போனாரா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்மா எனக்கு."

பட்டாள ஆவண அலுவலகத்துக்கு எழுதினோம். அந்தப் பேரில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம், கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில் நான் அத்தையை அழைத்துக்கொண்டு நேரிலேயே போய் நின்றேன். கவுன்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதே 'இல்லை'யைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"இனிஷியலாச்சும் விரிச்சு சொல்லுங்க. அதையும் போட்டுப் பாக்கறேன்."

இனிஷியல் என்றால் அப்பாவுக்கு அப்பா. அத்தை தாத்தாவின் பேரைச் சொன்னார். உடனே வந்தது.

விஷயம் இவ்வளவுதான். சேரும்போது முழுப் பேரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நம் வழக்கப்படி முன்னால் தகப்பனார் பேரும் பின்னால் தன் பேருமாக எழுதியிருக்கிறார். வாங்கிய எழுத்தரோ முன்னால் இருப்பதையே பேர் என்று எடுத்துக்கொண்டார். தகப்பனார் பேர் மகன் பேராகிவிட்டது. மகன் பேர் சுருங்கி, பின்னால் ஓர் எழுத்தாகிவிட்டது.

ஆற்றுப்பாலம் கட்டும் வேலையில் லாரி கவிழ்ந்து இறந்திருக்கிறார். கடிதம் நின்ற அதே மாதம். தகப்பனாருக்குத் தந்தி அனுப்பியதாகக் குறிப்பு இருந்தது. தந்திக்குப் பின்னால் போன கடிதம் திரும்பி வந்து கோப்பிலேயே கிடந்தது. உறைமேல் தாத்தாவின் முட்டிமோதும் கையெழுத்தில், 'நான் உயிரோடுதான் இருக்கிறேன். இனிமேல் தொந்தரவு செய்ய வேண்டாம்.'

அத்தை அதைப் படித்துப் பழக்கதோஷத்தில் லேசாகச் சிரித்துவிட்டார். பிறகு உறைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தார். இறந்தவர் பேருக்குப் பின்னால் அந்த ஓர் எழுத்து இருந்தது. அதன் மேல் விரலை வைத்தார்.

"இந்த வாலுதாம்மா எங்கப்பா."

கவுன்டர் அம்மாள் எதுவும் புரியாமல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். எத்தனை தடவை அந்தக் கதைக்கு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறேன்! எனக்குப் பிடிக்காத மாமியாரிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதானே.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அப்பா விட்டுவிட்டுப் போகவில்லை, அது தெரிந்ததே நிம்மதிதானே என்றேன். தலையை ஆட்டினார். வெகுதூரம் போன பிறகு, தாத்தா குரலும் இல்லை, வேறு யார் குரலும் இல்லை, தன் சொந்தக் குரலில் பேசினார்.

"அன்னிக்கு எங்கம்மா எப்படிச் சிரிச்சா தெரியுமா?"