விரலக்காவின் கையெழுத்து

மேடைகளுக்கு மைக்கும் விளக்கும் வாடகைக்கு விடும் அந்தக் கடையில் அவளை விரலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. எந்த மைக்குக்கு எந்த ஸ்டாண்டு, எந்த விளக்குக்கு எந்த ஸ்டாண்டு என்று பொறுக்கி அனுப்புவது. விளக்கை மாட்டி, ஸ்டாண்டை முழு உயரத்துக்கு ஏற்றி, தலைப்பக்கம் ஒற்றை விரலால் தள்ளிப் பார்ப்பாள். லேசாக ஆடி நின்றுவிட்டால் வண்டியில் ஏறும். சாய்ந்தால் கடையைவிட்டு நகராது. அவளிடம் சிபாரிசெல்லாம் செல்லாது.

கடை அவள் கொழுந்தனுடையது. புருஷன் அங்கேயே வண்டி ஓட்டினார். கொழுந்தனோ பளபளப்பைக் கண்டால் வாயைப் பிளக்கிற ரகம். முப்பது புது ஸ்டாண்டுகளை வாங்கி இறக்கியிருந்தான். கறுப்புக் குழாய், வெள்ளித் திருகு, பார்க்க மாப்பிள்ளை மாதிரி. அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். குடைக்கம்பி கனம்கூட இல்லை. திருகை இறுக்கினால் உள்ளே பிளாஸ்டிக் வழுக்கியது. நாலு கிலோ விளக்கை மாட்டி விரலை வைத்தாள். அப்படியே கும்பிடு போட்டுச் சாய்ந்தது.

"த்தூ! இது மைக்குக்கே நோஞ்சான், தம்பி. இதுல போய் விளக்க மாட்டுவாங்களா?"

"கால்ல மணல் மூட்டையப் போட்டா நிக்கும் அண்ணி. எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க."

"மூட்டை காலப் பிடிச்சுக்கும். இடுப்பு ஒடிஞ்சா யாரு பிடிப்பா?"

அவன் சிரித்தான். அவள் அந்த ஸ்டாண்டை மூலையில் தள்ளினாள். இப்படி அவன் ஒருவன்தானா? படத்தில் விழுகிறது என்று மூன்று கால்களையும் பாதி மடக்கி வைக்கிற போட்டோக்காரன், மைக் நீண்டிருக்கும் பக்கம் ஒரு கால் இருக்கவேண்டும் என்கிற அறிவுகூட இல்லாமல் திருப்பி வைக்கிற மேடைக்காரன், ஆடுகிற மூட்டில் டேப்பைச் சுற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவன். கீழே உட்காருகிறவர் மண்டை இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சீ, என்ன ஜன்மங்கள்.

மறுநாள் பொது அரங்கில் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி. அங்கே இரண்டு வருஷமாக ஒரு விதி உண்டு. ஸ்டாண்டுகளைச் சோதித்தாயிற்று என்று விரலக்கா கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் சாமான் உள்ளே போகாது. கொழுந்தன் சீட்டை நீட்டினான்.

"பழசெல்லாம் வேற மேடைக்குப் போயிருக்கு அண்ணி. இந்த ஒரு தடவ போட்டுடுங்க."

"கைய வெட்டினாலும் போட மாட்டேன்."

சோறு போடும்போது புருஷன் சமாதானமாகச் சொன்னார். "நீ போடாத. தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

அவள் நம்பினாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. காலையில் அரங்குக்கே போய்விட்டாள். மேடையில் அதே நோஞ்சான்கள், காலை மடக்கிக்கொண்டு, தலையில் விளக்கைச் சுமந்து நின்றன. அதில் ஒன்றின் நேர் கீழே ஒரு சின்னப் பெண் மைக்கில் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"இத யாரு உள்ள விட்டது?"

அரங்கின் மேலாளர் அம்மா குழப்பத்தோடு சீட்டைக் காட்டினார். "நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

அவள் பெயர்தான். ஆனால் வீட்டுக்கு வரும் பார்சலுக்கெல்லாம் அவளுக்காகப் போட்டுப் போட்டுப் பழகிய கை அது.

"கண்ணு, நீ கீழ இறங்கி அம்மாகிட்ட போ," என்று குழந்தையை அனுப்பினாள். மேடை காலியானதும் அந்த ஸ்டாண்டை விரலால் தள்ளினாள். குழந்தை நின்ற இடத்தில் விளக்கு விழுந்து கண்ணாடி சிதறியது.

சத்தம் கேட்டு, வெளியே வண்டியில் இருந்த புருஷன் ஓடிவந்தார். மேலாளர் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இது உங்க கையெழுத்து இல்லையா?"

"தம்பி கெஞ்சினான்," என்று அவர் அவள் காதோரம் முணுமுணுத்தார். "குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல? கொஞ்சம் பாத்துப் பேசு."

அந்த மட்டமான குழாய்களே இவருக்குத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. தாங்குவோம் என்று அவை வாயைத் திறந்து சொல்லவில்லையே.

"இல்லம்மா. போட்டது இவரு. என் புருஷன்."

மேலாளர் அம்மா உள்ளே போய் இரண்டு வருஷச் சீட்டுகள் அடங்கிய ஃபைலைக் கொண்டுவந்தார். "இதுல எது எது உங்களது, பாத்துச் சொல்லுங்க."

அவள் மேடைப் படியில் உட்கார்ந்து புரட்டினாள். ஏழு சீட்டு அவளுடையது இல்லை. எல்லாம் அவள் லீவு போட்டிருந்த நாட்கள். ஒன்றின் தேதியில் கை நின்றுவிட்டது. அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அன்று இதே மேடையில் நின்று பாடியது அவர்கள் மகள்.

சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதையும் நீங்கதான் போட்டீங்களா?"

அவர் கீழே பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தலையசைத்தார்.