கம்பெனி வாசலில் தம்பியின் படம்

எங்கள் கம்பெனிக்குள் செல்போனைக் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, ஷிப்ட் முடிந்துதான் வாங்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் பல கம்பெனிகளில் இதுதான் வழக்கம். வயிற்றுப்பாட்டுக்காக நானும் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். உலக நாடுகளின் அமைதிப்படைக்கென்று அவனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். நீல ஹெல்மெட்டோடு அவன் நிற்கும் படத்தை மேனேஜர் என்னிடம் கேட்டு வாங்கி, சுதந்திர தினத்துக்கு ஆளுயர ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினார். "உலகத்துக்கே அமைதி குடுக்குற நாடு நம்ம நாடு. இனிமே நம்மளக் கேக்காம எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று மைக்கில் முழங்கினார். நானும் பூரித்துப்போய்க் கை தட்டினேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விழா முடிந்தும் படம் அங்கேயே தொங்கியது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தம்பி இருக்கும் முகாமில் துப்பாக்கிச் சூடு என்று கேன்டீன் டிவியில் செய்தி ஓடியது. நம் வீரர்கள் சிலருக்குக் காயமாம். பெயர் சொல்லவில்லை. உடனே கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், தம்பி முகாம்ல துப்பாக்கிச் சூடாம். போன் பண்ணியிருப்பான். ஒரு நிமிஷம் பாத்துக்கினு வந்துடறேன்."

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. உனக்கு உட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஷிப்ட் முடியட்டும்."

உலக அமைதியைப் பற்றி அவ்வளவு பேசிய வாய்! ஆத்திரத்தில் அவரைத் தாண்டி கேட்டுக்கு நடந்தேன். செக்யூரிட்டி அண்ணன் போனை எடுத்து நீட்டினார். தம்பி விடாமல் கூப்பிட்டிருந்தான். திருப்பி அழைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றவன் உடைந்து அழுதான். "அந்த ஊரு ஜனங்க கொயந்தைங்களத் தூக்கிக்கினு முகாமாண்ட ஓடியாந்தாங்கக்கா. கேட்டத் தொறக்க மேலருந்து ஆர்டர் வரணும்னு எங்கள நிக்க வெச்சுட்டாங்க. அது வர்றதுக்குள்ள தொரத்திக்கினு வந்தவனுங்க அவங்களச் சுட்டுட்டானுங்க."

"ஆர்டர் போடறது யாருடா?"

"எங்கியோ பெரிய நாட்டுக்காரனுங்க தொறக்கலாமா வேணாமான்னு பேசிக்கினு இருந்தாங்களாம். அந்த ரூம்ல நம்மாளுக்கு சேர் கூடக் கெடையாதாம்."

குண்டுக்கு முன்னால் நிற்க நம் பிள்ளைகள் வேண்டும், பேச்சில் நாம் வேண்டாமாம். இதற்கா கை தட்டினேன்?

பின்னாலேயே மேனேஜர் வந்தார். "தம்பி நல்லாக்கீறாரா? ஒரு வீடியோ அனுப்பச் சொல்லும்மா. குடியரசு தினத்துக்குப் போடலாம்."

நான் ஃப்ளெக்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"இன்னாம்மா பண்ற? யாரு பர்மிஷன் குடுத்தது?"

"பர்மிஷன் வரட்டும்னு நின்னதுலதான் சார் அங்க கொயந்தைங்க செத்துச்சுங்க."

தம்பியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன்.